லைட் பிடித்தவர்

ஆயுத பூஜை லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்று காலையிலேயே எனக்கு எரிச்சல். களமருதூரில் அம்மா வீட்டிலிருந்து கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சியில் இறங்கும்போதே ஸ்டூடியோ திறக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே பொரி சிதறிக் கிடக்கிறது. வாழைக்கன்று வாடித் தொங்குகிறது. வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. முதலாளி விடிவதற்குள் காமிராவைத் தூக்கிக்கொண்டு கரியாலூர் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். பூஜை போட்ட புண்ணியம் அவருக்கு, பெருக்குகிற வேலை எனக்கு.

நான் வீடியோ எடுப்பவள் இல்லை. எடுத்து வந்ததை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுத் தருகிறவள். எங்கள் பக்கத்தில் இதை மிக்ஸிங் என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எதுவானாலும் முதலாளி எடுத்து வந்து என் கம்ப்யூட்டரில் கொட்டுவார். மாப்பிள்ளையின் மாமா கொட்டாவி விடுவது, பந்தியில் சாம்பார் வரவில்லை என்று ஒருவர் கத்துவது, மேடையில் யாரோ முதுகைச் சொறிவது எல்லாவற்றையும் நான் வெட்டி எறிந்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்களே அசந்துபோகிற மாதிரி ஒரு கல்யாணத்தைச் செய்து கொடுப்பேன். வெட்டியதற்கு எங்கள் கடையில் வேஸ்ட் என்று பெயர். எது வேஸ்ட், எது வேஸ்ட் இல்லை என்று என்னைவிடத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

துடைப்பத்தைக் கையில் எடுத்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு துணிப்பை, விரல்களுக்குள் எங்கள் கடைப் பெயர் ஒட்டிய பென் டிரைவ். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, வக்கீல் ஆபீசுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

"அக்கா, இந்தக் கல்யாண வீடியோ நீங்கதானே பண்ணீங்க?"

"ஆமா. இன்னா, ஓடலியா?"

"ஓடுது. அவருதான் இல்ல."

எனக்குப் புரியவில்லை. உட்கார வைத்துக் கேட்டேன். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க நாங்கள் போட்டிருக்கும் ஸ்டூலில், வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். அவள் புருஷன் வெளி மாநிலத்துக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பியிருக்கிறான். எல்லை தாண்டியதும் அந்த ஊர்ப் போலீஸ் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டது. ஆவணி மாதத்தில் ஒரு நாள் அங்கே காட்டில் செம்மரம் வெட்டிய ஆட்களைத் துரத்தியபோது ஓடித் தப்பியவர்களில் இவனும் ஒருவன் என்று கேஸ். பிடிபட்ட எவனோ ஒருவன் சொன்ன அடையாளம் இவனுக்குப் பொருந்திவிட்டதாம். மலையிலிருந்து போகிற ஆள் என்றாலே அந்தச் சந்தேகம் வரும், அது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. வக்கீல் மத்தியானம் பஸ் ஏறினால்தான் ராத்திரிக்குள் அந்த ஊருக்குப் போய்ச் சேர முடியும்.

"அவங்க சொல்ற அந்தத் தேதியிலதாங்க்கா எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம். வூட்டு ஆளுங்க சாட்சி சொன்னா வூட்டு ஆளுங்க அப்பிடித்தான் சொல்லுவாங்கன்னு தள்ளிடுவாங்களாம். வீடியோ இருந்தா குடு, காட்டிடலாம்னு வக்கீலு சொன்னாரு. ரெண்டு தபா வேகமா ஓட்டிப் பாத்துட்டாரு. ஒரு எடத்துலகூட அவரு மொகம் இல்ல."

"கல்யாணத்துக்கு வந்தாரா, இல்லியா?" என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை. போலீஸ்காரி மாதிரி இருந்தது.

"வந்தாருக்கா. நாள் பூரா உங்க மொதலாளிகூடத்தானே லைட்டு புடிச்சிகினு இருந்தாரு."

துடைப்பம் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

எனக்கு அந்த ஆளைத் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் தெரியும். வழக்கமாக லைட் பிடிக்கிறவர் அன்று மலைக்கு வராமல் ஏமாற்றிவிட்டார் என்றும், கல்யாண வீட்டிலேயே ஒரு ஆளைப் பிடித்துக் கையில் லைட்டைக் கொடுத்தேன் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். அந்தக் கல்யாணத்தை மிக்ஸிங் செய்த நாட்கள் முழுக்க நான் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். பொண்ணு முகத்தில் அவன் நிழல் விழும். மூலையில் ஒரு முழங்கை வரும். கட்டம் போட்ட சட்டையின் தோள்பட்டை ஒன்று வந்துவிட்டு அவசரமாக விலகும். இவனை யார் லைட் பிடிக்கச் சொன்னது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒரு இடத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டு எல்லாம் இருட்டாகி, அவனே காமிராவுக்கு முன்னால் வந்து சரிசெய்தது நினைவிருந்தது. அதையும் வெட்டினேன். அதை வெட்டாமல் யாராவது வைத்திருப்பார்களா?

"இருக்கும்மா. கம்ப்யூட்டர்ல வேஸ்ட் எல்லாம் அப்பிடியே இருக்கும். தேடி எடுத்துத் தரேன். டீ குடிக்கிறியா?" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு. சுட்டியின் முதுகில்கூடக் குங்குமம். ஆன் செய்து, மிக்ஸிங் புரோகிராமை அழுத்தினேன். அதன் படம் ஒரு கணம் வந்தது, போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். வந்தது, போய்விட்டது. கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். மூன்றாம் தரம் அது ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் காட்டியது. அனுமதி மறுக்கப்பட்டது.

யாருக்கு அனுமதி இல்லை? தினமும் பொழுதுக்கும் அதன் முன்னால் உட்கார்ந்து கண் கெட்டுப்போன எனக்கா?

சரி, புரோகிராம் கிடக்கட்டும், படம் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து நேராகவே தேடலாம் என்று போனேன். அந்தக் கல்யாண ஃபோல்டர் வழக்கமான இடத்தில் இல்லை. தேடினால் முதலாளியின் சொந்த இடத்துக்குள் இருக்கிறது. பெயர் மட்டும் தெரிகிறது, மேலே ஒரு சின்னப் பூட்டு. திறந்தால் அனுமதி இல்லை. வேறு இடத்துக்கு எடுத்துப் போட்டால் அனுமதி இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டேன் என்கிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. லீவில் இருந்தபோது முதலாளி போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பூஜைக்குக் கடையெல்லாம் கழுவிவிட்டேன், கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணிட்டேன் என்று. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது என்றால் துணியால் துடைப்பதா, உள்ளே இருந்ததை அழிப்பதா? அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் கடையில் இருப்பது இலவசமாகக் கிடைக்கிற ஒரு சிஸ்டம். யாரோ சொன்னார்கள் என்று முதலாளி அதைப் போட்டுவைத்தார். அதில் நான் தினமும் வேலை செய்கிற பெயர் ஒன்று. சகல அதிகாரமும் உள்ள பெயர் இன்னொன்று. புதிதாக ஒன்றை ஏற்றவோ, பூட்டைத் திறக்கவோ அந்தப் பெரிய பெயரின் பாஸ்வேர்டு வேண்டும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

போனில் தேடிப் பார்த்தேன். எங்கோ ஒரு ஊரில் ஒருவனுக்கு இதே கஷ்டம் வந்து, புலம்பி எழுதியிருந்தான். அதற்கு வேறொருவன் பதில் சொல்லியிருந்தான். என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஒரு தரம் பெரிய பெயரின் அதிகாரத்தில் புரோகிராமைத் திறந்துவிட்டால், அது எழுதிவைக்கும் கோப்புகள் எல்லாம் அந்தப் பெயருக்குச் சொந்தமாகிவிடும். அப்புறம் சின்னப் பெயரில் வருகிறவனால் அவற்றைத் தொட முடியாது, புரோகிராமும் திறக்காது. கோப்புகளின் உரிமையைத் திரும்பச் சின்னப் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

புரோகிராமின் கோப்புகளை வலது சொடுக்கில் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் முதலாளியின் அந்தப் பெரிய பெயர். கடைசியாக எழுதிய நாள் விஜயதசமி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆயுத பூஜையன்று எதையும் தொடக்கூடாது. காமிரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைத்துவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். மறுநாள் விஜயதசமிக்கு முதலாளி கையால்தான் ஒவ்வொன்றையும் எடுத்துத் தொடங்க வேண்டும். காமிராவில் சாமி படத்தை ஒரு கிளிக். கம்ப்யூட்டரில் கடைசியாகச் செய்த கல்யாணத்தைத் திறந்து தாலி கட்டும் இடத்தை ஓட்டிப் பார்ப்பது. வருஷா வருஷம் நான் திறந்து கொடுப்பேன், அவர் பொத்தானை அழுத்திக் கும்பிடுவார். இந்த வருஷம் நான் லீவு. முதலாளி கையால் திறப்பது என்றால் முதலாளியின் அதிகாரத்தில் திறப்பதுதானே முறை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பெரிய பாஸ்வேர்டைப் போட்டுப் புரோகிராமைத் திறந்து, தாலி கட்டுவதைப் பார்த்து, மங்களமாக இருக்கட்டும் என்று அந்தக் கல்யாணத்தைத் தன் இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டார். ஆவணிக்கு அப்புறம் புரட்டாசி, எங்கள் பக்கம் புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. கடைசிக் கல்யாணம் இந்தப் பெண்ணின் சித்தப்பா மகள் கல்யாணம்தான்.

முதலாளிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். மறுபடி போட்டேன். எத்தனை தரம் போட்டாலும் அந்த அம்மாள் அதே குரலில் அதையேதான் சொன்னாள்.

பாஸ்வேர்டை நானே கண்டுபிடிக்கப் பார்த்தேன். கடைப் பெயரைப் போட்டேன். அவர் பிள்ளைகள் பெயரைப் போட்டேன். குலதெய்வத்தின் பெயர், முருகன், பிள்ளையார், வண்டி நம்பர், அவர் சாப்பிடுகிற ஓட்டல் பெயர்கூடப் போட்டேன். தப்பு, தப்பு, தப்பு. கொஞ்ச நேரம் கழித்து வா என்று அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. சுட்டியை மேஜையில் ஒரு குத்துக் குத்தினேன், குங்குமம் என் கையில் ஒட்டிக்கொண்டது.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

"இன்னாக்கா, கெட்டுப் போச்சா?"

"கெடல. பூட்டியிருக்கு. சாவி எங்க மொதலாளிகிட்ட இருக்கு."

"ஒடச்சிப் பாக்க முடியாதா?"

"அது இரும்புப் பூட்டு இல்லம்மா, ஒடைக்கிறதுக்கு."

இதற்குள் ஒரு ஆள் பாஸ்போர்ட் போட்டோ வேண்டும் என்று வந்து நின்றார். சாயந்தரம் வாங்க என்றேன். போர்டுல திறந்திருக்குன்னு போட்டிருக்கே என்றார். நான் பார்த்த பார்வையில் மேலே பேசாமல் போய்விட்டார். வக்கீல் ஆபீசிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. கிடைத்ததா என்று கேட்கிறார்கள். இதோ எடுத்துகினே இருக்காங்க சார் என்றாள். எனக்காகப் பொய் சொல்கிறாள்.

வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். "உங்க மொதலாளி எந்த ஊருக்குப் போயிருக்காரு?"

"கரியாலூர் தாண்டி உள்ள ஏதோ ஒரு ஊரு. காதுகுத்து. டவர் இல்ல."

"யாரு வூட்டுக் காதுகுத்து?"

அட்வான்ஸ் சீட்டைப் பார்த்துச் சொன்னேன். அவள் முகம் மாறியது. காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கும் செய்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். கரியாலூரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அவள் நாத்தனார் என்று பின்னால் தெரிந்தது. அவள் பேச்சில் அழுகை இல்லை, உத்தரவுதான் இருந்தது. ஜீப்புக்காரரை அனுப்பு, காதுகுத்து வூட்டுல வீடியோ எடுக்கிற ஆளைக் கையோடு கூட்டிப்போய்ப் பாறை மேல ஏத்து, அங்கேதான் டவர் வரும், இந்த நம்பருக்குப் பேசச் சொல்லு. உசுரு போற அவசரம்னு சொல்லு.

மலையில் எந்தப் பாறையில் டவர் கிடைக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. காய்ச்சல்காரனுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடவும், பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்லவும் அந்தப் பாறைக்குத்தான் ஏறுவார்களாம்.

காத்திருந்தோம். வேறு எந்த வேலையும் ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுபிஎஸ் ஒரு தரம் கீச்சென்றது. கரண்டும் போய்விட்டால் இன்றைக்கு இந்தக் கடையைக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். நல்லவேளை, போகவில்லை.

போன் அடித்தது.

"இன்னாம்மா ஆச்சி? சாப்புட உக்காந்தவன இழுத்துகினு வந்து பாற மேல ஏத்திட்டானுங்க. மூச்சு வாங்குது."

நான் படபடவென்று எல்லாம் சொன்னேன். பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்கண்ணா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"கோர்ட்டு விஷயமா?" என்றார். "வேணாம்மா. நாளைக்கி எங்கியோ பாஷ தெரியாத ஊருல என்ன நிக்க வெச்சிக் கேள்வி கேப்பானுங்க. நம்ம கட பேரு கேஸ்ல வந்தா அப்புறம் யாரு கூப்புடுவா? வேணாம்மா. கம்ப்யூட்டரு ரிப்பேருன்னு சொல்லி அனுப்பிடு."

ரிப்பேர் ஆக்கியது நீங்கள்தான் என்று கத்தியிருப்பேன். அதற்குள் அவள் கை நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், எல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. போனைக் கொடுத்தேன்.

அவள் கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை.

"அண்ணா, அவரு அன்னிக்கி பந்தல்ல சும்மாதான் உக்காந்துகினு இருந்தாரு. நீங்கதான் வந்து கூப்ட்டீங்க. லைட்டு புடிக்க ஆளு வரல, கொஞ்சம் வாப்பான்னீங்க. மாப்ள வூட்டுப் பக்கம் நின்னு போட்டோ புடிச்சிக்கலாம்னு நா கூப்ட்டன். வேல முடியட்டும்னு சொல்லிட்டாரு. நீங்க கூப்புடாம இருந்திருந்தா எல்லா படத்துலயும் அவரு இருந்திருப்பாரு. அவ்ளோதாண்ணா."

மறுபடியும் காற்றுச் சத்தம். யாரோ ஒருவர் தூரத்தில், சீக்கிரம் பேசுங்க, டவர் போயிடும் என்றார்.

"போனை அதுகிட்ட குடும்மா" என்றார் முதலாளி. எனக்குப் பாஸ்வேர்டு சொன்னார். இங்கிலீசில் மொதலாளி, எல்லாம் சின்ன எழுத்து, கடைசியில் ஒன்று. சாமிகள், பிள்ளைகள், ஓட்டல் வரைக்கும் போன எனக்கு இது தோன்றவே இல்லை.

"அதுல எல்லாம் இருக்காண்ணா? சுத்தம் பண்றேன்னு அழிச்சிட்டீங்களா?"

"தெரிலம்மா. பழசு கொஞ்சம் எடுத்தன். எத எடுத்தன்னு ஞாபகம் இல்ல" என்றார். லைன் போய்விட்டது.

கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, அந்த முகம் தெரியாதவன் எழுதியிருந்த கட்டளையைப் போனில் பார்த்துப் பார்த்து அடித்தேன். எழுத்து தப்பியது. அழித்து மறுபடி அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். புரோகிராமின் கோப்புகள் எல்லாம் என் பெயருக்கு மாறின. புரோகிராமை அழுத்தினேன். படம் வந்தது, நின்றது, திறந்தது. அவள் என் தோளைப் பிடித்தாள். ஆனால் உள்ளே அந்தக் கல்யாணத்தின் இடமெல்லாம் சிவப்புக் கட்டங்கள். படங்களைக் காணவில்லை என்கிறது. ஃபோல்டர் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதற்கும் அதே கட்டளையை அடித்தேன். பூட்டுப் படம் மறைந்தது. ஃபோல்டரைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. பந்தல், மேளம், பொண்ணு, பந்தி. சில கட்டங்கள் மாறாமல் சிவப்பாகவே நின்றன. அழித்தவை அவை.

ஒயர் பிடுங்கிய துண்டு எங்கே? தாலி கட்டி முடிந்து, மேடையில் மொய் எழுதும்போதா? நான் ஓட்டிக்கொண்டே போனேன். அவன் நிழல் வந்தது. முழங்கை வந்தது. வெட்டும்போது இதெல்லாம் எவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று சலித்துக்கொண்டேன், இப்போது எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பதறினேன். கட்டம் போட்ட தோள் வந்தது. அவள், "சட்ட அவருதுதான்" என்றாள். சட்டையை வைத்துக் கோர்ட்டில் என்ன செய்ய?

திடீரென்று திரை இருண்டது. ஏய், லைட்டு, லைட்டு என்று முதலாளியின் குரல். அதேதான்.

இருட்டில் ஒரு உருவம் இடது பக்கத்திலிருந்து உள்ளே வந்தது. பின்னால் கல்யாண ஃபிளெக்ஸ் மங்கலாகத் தெரிந்தது. பொண்ணு, மாப்பிள்ளை, வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்களின் தலைகள், அடியில் தேதி. வந்தவன் காமிராவுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து ஒயரைத் தேடுகிறான். தேதி மங்கலாகவாவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. நிமிர்கிறான், லைட் எரிகிறது, முகம் இந்தப் பக்கம் திரும்புகிறது. முகம் தெளிவாக இருக்கிறது, ஆனால் அவன் உடம்பு தேதியை மறைத்து நிற்கிறது. அடுத்து அவன் விலகிவிட்டான். மேடை, பொண்ணு, மாப்பிள்ளை.

முகம் இருந்தால் தேதி இல்லை, தேதி இருந்தால் முகம் இல்லை. வாயை விட்டு ஏதோ கெட்ட வார்த்தை வந்தது. அவள் காதில் விழுந்திருக்கும், விழட்டும்.

ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். ஒரு நொடிக்குள்ளேயே எத்தனையோ படங்கள் இருக்கும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாதவை. நிமிர்கிறான். லைட் எரிகிறது. திரும்புகிறான். ஒரு அடி பக்கவாட்டில் எடுத்து வைக்கிறான். இன்னும் முகம் இந்தப் பக்கம்தான். ஃபிளெக்ஸின் அடிப்பக்கம் அவன் இடுப்புக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வருகிறது. மாதம் வந்தது. நாள் வந்தது. நிறுத்தினேன்.

முகமும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது.

அவள் தேதியைப் பார்க்கவே இல்லை. திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து அவனையே பார்த்தாள். தொடப்போவது மாதிரி விரலை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"சாப்புடாத மொகம்க்கா அது" என்றாள். "பொழுது சாய்ற வரைக்கும் சாப்புடல. வேல முடிஞ்சி கடைசிப் பந்தியில உக்காந்தாரு. அப்ப உங்க மொதலாளி காமிராவ மூட்ட கட்டிட்டாரு."

எனக்கு அடக்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. நான் அந்தத் துண்டை ஏற்றித் தந்த பென் டிரைவை வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் பெருக்காத கடைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி அன்று சாயந்தரம் இறங்கி வந்தார். வாடிய வாழைக்கன்றை அவரே எடுத்துப் போட்டார். மறுநாள் வக்கீல் ஆபீசுக்குப் போய், அன்று லைட் பிடித்தது இன்னார்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். யாரும் சொல்லாமல் அவரே போனார். அந்த விசாரணையில் ஜாமீன் கிடைக்கவில்லை, தள்ளிவைத்தார்கள். அதற்கடுத்த தடவை கிடைத்தது. அவன் வீட்டுக்கு வந்தான். ஆனால் கேஸ் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிலிருந்து இறங்கி, எல்லை தாண்டிப் போய் நிற்கிறான். எப்போது வேண்டுமானாலும் அசல் படத்தைக் கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அவன் ஒரு தரம் கடைக்கு வந்தான். கட்டம் போட்ட சட்டை இல்லை, வேறு சட்டை. தன்னைக் காப்பாற்றிய படத்தைக் காட்டச் சொன்னான். ஓட்டிக் காட்டினேன். இருட்டு, குனிவது, நிமிர்வது, விலகுவது. முடிந்துவிட்டது. "இவ்ளோதானாக்கா?" என்றான். "நாள் பூரா நின்னனே." இன்னொரு தரம் ஓட்டிக் காட்டினேன்.

அந்த ஃபோல்டருக்கு நான் ஒரு வேலை செய்துவைத்தேன். பெரிய பாஸ்வேர்டு இப்போது எனக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், யாரும் எதையும் அழிக்கவோ மாற்றவோ முடியாது என்று பூட்டினேன். அடுத்த விஜயதசமிக்கு முதலாளி கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. ஓம் பேர்லயே தொறந்துடும்மா என்று தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பூஜை வருகிறதென்றால் எல்லாக் கடையிலும் பழையதைத் தூக்கிப் போட்டுக் கழுவுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் எனக்குப் போன் வரும். பின்னால் காற்றுச் சத்தம் கேட்கும், பாறை மேல் ஏறியிருக்கிறாள் என்று புரிந்துகொள்வேன். முதல் வருஷம், படம் இருக்குதாக்கா என்று கேட்டாள். இப்போது அப்படிக் கேட்பதில்லை.

"அவரு இருக்காராக்கா?" என்பாள்.

இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, புரோகிராமைத் திறந்து, இருட்டு வரைக்கும் ஓட்டி, அவன் நிமிர்ந்து திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.